வைஃபை சர்வேக்குக் காசு கொடுத்தோம்: எங்கள் கல்லூரி அனுபவம்

மகளிர் விடுதி, மூன்றாம் மாடி, 317ஆம் அறை. கதவைத் திறந்தால் நேர் எதிரே காரிடார் கூரையில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) தொங்குகிறது, விளக்கும் எரிகிறது. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்தால் வைஃபை வராது. நான் இந்தக் கல்லூரியில் நெட்வொர்க் பொறுப்புக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அந்த ஒரு அறையிலிருந்து மட்டும் எத்தனை புகார்க் கடிதம் வாங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் செய்தது ஒன்றுதான்: இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் போட்டோம். போட்டுப் போட்டு அந்த மாடியின் காரிடாரில் ஒன்பது ஆகிவிட்டது. புகார் குறையவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் வளாகம் முழுவதும் வைஃபையைப் புதுப்பிக்க நிர்வாகம் பணம் ஒதுக்கியது. செய்தி வெளியே போனதுமே விற்பனையாளர்கள் வரிசையாக வந்தார்கள். எங்கே எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வேண்டும் என்று பார்க்கும் சர்வேயை இரண்டு பேர் இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் கட்டட வரைபடத்தை வாங்கிப் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டார். இன்னொருவர் போனில் ஒரு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினார். ஒன்பது இருந்த அந்த மாடிக்குப் பதினான்கு, மொத்த வளாகத்துக்கும் 260 என்று கோட்டேஷன் வந்தது. எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "சதுர அடிக்கு ஒரு கணக்கு இருக்குங்க மேடம்" என்றார்கள்.

அந்தக் கோட்டேஷனில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதில் தீராத பிரச்சினை பதினான்கில் எப்படித் தீரும்? அப்போதுதான் சாமான் எதுவும் விற்காமல் வைஃபை சர்வேயும் டிசைனும் மட்டும் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அழைத்தேன். நிறைகுறை இரண்டையும் எழுதப்போவதால் அவர்கள் பெயரைப் போடவில்லை. இப்படி ஒரு சேவையைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மற்ற கல்லூரிக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

பர்ச்சேஸ் கமிட்டியில் முதல் கேள்வியே "சும்மா வந்து பார்க்கிறவர்கள் இருக்கும்போது இதற்கு எதற்குக் காசு?" என்பதுதான். அந்த நிறுவனம் கேட்ட தொகை, ஆக்சஸ் பாயின்ட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

மே மாதம் இரண்டு பேர் வந்தார்கள். விடுதிக்குள் வெளி ஆண்கள் வரக்கூடாது என்று வார்டன் அம்மா முன்பே சொல்லியிருந்ததால் ஒரு பெண் இன்ஜினியரை அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பினார்கள். அந்தப் பெண்ணோடு நான்கு நாள் எல்லாக் கட்டடங்களிலும் நடந்தேன். அவர் தோளில் தொங்கியது எகாஹவ் நிறுவனத்தின் சைட்கிக் என்ற கருவி. இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது. கையில் டேப்லெட், அதில் அந்த மாடியின் வரைபடம். நடக்க நடக்க, தான் நிற்கும் இடத்தை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே போனார். எந்த ஆக்சஸ் பாயின்ட் எங்கே எவ்வளவு கேட்கிறது, எந்தச் சானலில் (வைஃபை ஓடும் அலைவரிசைத் துண்டு) எவ்வளவு நெரிசல் என்று கருவி பதிந்துகொண்டே வந்தது.

வரைபடத்தை ஏற்றியதும் அவர் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கதவின் அகலத்தை வைத்து அளவு குறிக்கலாம் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னபோது, "கதவு சின்னது அண்ணா, அதில் ஒரு இன்ச் தப்பினால் கட்டடமே மாறிப்போகும்" என்று சொல்லி, காரிடாரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை லேசர் மீட்டரால் அளந்தார். எங்கள் வரைபடத்தில் இருந்த அளவு நான்கு மீட்டர் தவறு. இலவச சர்வே செய்தவர்கள் இருவரும் அதே வரைபடத்தில்தான் வட்டம் போட்டிருந்தார்கள்.

சுவர்களையும் அப்படியே அளந்தார். எங்கள் நிர்வாக அலுவலகம் பழைய கருங்கல் கட்டடம், ஒன்றரை அடிச் சுவர். ஒரு பக்கம் ஆக்சஸ் பாயின்ட்டை வைத்து மறுபக்கம் அளந்து, சுவர் எவ்வளவு சிக்னலை விழுங்குகிறது என்று பார்த்த பிறகுதான் மென்பொருளில் அந்தச் சுவரை வரைந்தார். செங்கல் சுவருக்கு ஒரு எண், கருங்கல்லுக்கு ஒரு எண், ஆய்வகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு ஒரு எண்.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மே மாதம் விடுதி காலி. மாணவிகள் ஊருக்குப் போய்விட்டார்கள், அறைகளில் வெறும் கட்டில்தான். ஆள் இல்லாத விடுதியில் எடுக்கும் அளவு, ஒரு அறைக்கு மூன்று பேரும் அவர்களுடைய சாமான்களும் இருக்கும்போது பொருந்தாது. மனித உடம்பே சிக்னலை உறிஞ்சும். இதை அவர்கள்தான் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு "ஜூலையில் ஒருமுறை வருகிறோம்" என்றார்கள். வந்தார்கள், கூடுதல் காசும் கேட்கவில்லை. என்றாலும் இரண்டு மாதம் போய்விட்டது. நீங்கள் யாரையாவது அழைத்தால், விடுதிக்கான தேதியை வகுப்பு நடக்கும் காலத்தில் வையுங்கள்.

ஜூலையில்தான் 317இன் கதை தெரிந்தது.

அன்று மாலை ஆறு மணி இருக்கும். காரிடாரில், ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கீழே சில அடி தள்ளி அளந்தார்: மைனஸ் 58 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு. இது நல்ல சிக்னல். அறைக்குள் போய்க் கட்டிலருகே அளந்தார்: மைனஸ் 76. வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67 அளவுக்காவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி பாதியாகும். 18 குறைந்தால் அறுபதில் ஒரு பங்குதான் உள்ளே வந்து சேர்கிறது. ஒரு செங்கல் சுவருக்கு இது அதிகம் என்று அவர் யோசித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். காரிடார் பக்கச் சுவரை ஒட்டி மூன்று இரும்பு பீரோ வரிசையாக நின்றது.

"அக்கா, நடு பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா?"

நானும் அந்த அறைப் பெண்கள் இருவரும் சேர்ந்து இழுத்தோம். உள்ளே இருந்த துணிமணி, புத்தகம் எல்லாம் சேர்ந்து நல்ல கனம். தரையில் கிறீச்சென்று நகர்ந்தது. அவர் அதே இடத்தில் நின்று மறுபடி அளந்தார்: மைனஸ் 69. பீரோவைத் திரும்பத் தள்ளினோம்: மைனஸ் 76. இன்னொரு முறை இழுத்தோம், அதே 69. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், வந்துடுச்சு!" என்று கத்தினாள். இத்தனை வருடப் புகாருக்கு நடுவே நின்றது ஒரு பீரோ. விடுதியில் எல்லா அறைகளிலும் பீரோ அந்தச் சுவரில்தான் இருக்கிறது, ஏனென்றால் வேறு சுவரில் ஜன்னலும் கட்டிலும். காரிடாரில் ஒன்பது போட்டாலும் தொண்ணூறு போட்டாலும் இரும்புக்கு அந்தப் பக்கம்தான்.

அப்புறம் அந்த ஒன்பதும் ஒன்றையொன்று என்ன செய்துகொண்டிருந்தன என்று காட்டினார். காரிடாரில் மறைப்பே கிடையாது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் மற்ற எட்டும் நன்றாகக் கேட்கும். வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல் மூன்றுதான்: 1, 6, 11. ஒன்பதை மூன்றில் போட்டால் ஒரு சானலுக்கு மூன்று. நாங்கள் வேறு ஆசிரியர், மாணவர், விருந்தினர், ஆய்வகம், தேர்வு, நூலகம், அலுவலகம் என்று ஏழு நெட்வொர்க் பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் நொடிக்குப் பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு பீக்கன் அனுப்பும். ஏழு பெயர், மூன்று கருவி என்றால் ஒரு சானலில் நொடிக்கு 210 பீக்கன். அதுவும் மிகப் பழைய 1 எம்பிபிஎஸ் வேகத்தில். ஒரு பீக்கனை அனுப்பி முடிக்க 2 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பெருக்கிப் பாருங்கள், ஒரு மாணவிகூட எதையும் பார்க்காதபோதே சானலின் பாதி நேரம் இந்தக் கூவலிலேயே போகிறது. நாங்கள் புகார் வரும்போதெல்லாம் இன்னொன்றைப் போட்டு அதை மேலும் கெடுத்திருக்கிறோம். இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அத்தனை வருடப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அசைன்மென்ட் அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாளே ஏழை மூன்றாகக் குறைத்து, 1 எம்பிபிஎஸ் போன்ற பழைய வேகங்களை நிறுத்தினோம். ஒரு ரூபாய் செலவில்லை. அந்த வாரமே புகார் குறைந்தது. சர்வேக்குக் கொடுத்த பணம் அன்றைக்கே வசூலாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

விடுதிக்கு அவர்கள் தந்த டிசைன், காரிடாரைக் கைவிட்டு அறைக்குள் போவது. அதையும் வரைபடத்தில் மட்டும் சொல்லாமல், ஒரு முக்காலி ஸ்டாண்டில் ஆக்சஸ் பாயின்ட்டை ஏற்றி, பேட்டரியில் ஓடவிட்டு, 317இலேயே வைத்துச் சுற்றிலும் அளந்து காட்டினார்கள். அதே அறையில் மைனஸ் 52, பக்கத்து அறைகளில் 63, காரிடாருக்கு அந்தப் பக்கம் எதிர் அறையில் 66, இரண்டு அறை தள்ளி 71. ஆக ஒன்றால் மூன்று அறையைத் தாங்க முடியும், நான்காவதை இழுத்துப் பிடிக்கலாம். 32 அறை உள்ள மாடிக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்து போதும். கூரையில் தொங்கும் மாடல் இல்லாமல், சுவர் சாக்கெட் பெட்டி மேலேயே பொருத்தும் சின்ன மாடல். பாதிக் கருவிகளில் 2.4ஐ அணைத்துவிடச் சொன்னார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சானல் அகலத்தை 80இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைக்கச் சொன்னார்கள். 80 வைத்தால் ஐந்தாறு சானல்தான் கிடைக்கும். 20 வைத்தால் இருபதுக்கும் மேல். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டதால் நமக்கு இவ்வளவு இடம் இருக்கிறது. ஏழு வருடமாக நாங்கள் அதைப் பயன்படுத்தவே இல்லை.

வகுப்பறைக் கட்டடங்களில் எண்ணிக்கை குறைந்தது. மொத்தத்தில் 260க்குப் பதில் 190. மற்றவற்றை விரிவாக எழுதவில்லை, நூலகமும் கேன்டீனும் எங்கும் இருப்பதுபோல்தான்.

ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் டிசைன் எனக்குத் திருப்தியில்லை. எங்கள் செமினார் ஹாலில் கேம்பஸ் இன்டர்வியூ ஆன்லைன் தேர்வு நடக்கும். முந்நூறு பிள்ளைகள், முந்நூறு லேப்டாப், எல்லாரும் ஒரே நிமிடத்தில் உள்ளே நுழைவார்கள். நடுவில் அறுந்தால் ஒரு பிள்ளையின் வேலையே போகும். அந்த ஹாலுக்கு அவர்கள் முதலில் போட்டிருந்தது மூன்று. சிக்னல் எல்லா மூலைக்கும் எட்டுகிறது, சரி. ஆனால் நூறு லேப்டாப்பை ஒன்று எப்படித் தாங்கும்? அங்கே என்ன நடக்கும், எத்தனை பேர் என்று அவர்கள் யாரிடமும் கேட்கவே இல்லை. எங்கள் பிளேஸ்மென்ட் அதிகாரியை உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் எட்டாக மாற்றினார்கள், ஒவ்வொன்றும் தனிச் சானலில், சக்தி குறைத்து. சர்வேக்காரர்கள் வருமுன் எந்த இடத்தில் எத்தனை பேர், எந்த நேரத்தில், என்ன செய்வார்கள் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது: நெட்வொர்க் சாமான்களை வைக்கும் ராக் பெட்டிகளையும் அவர்கள் திறந்து பார்த்தார்கள். மின்னியல் துறைக் கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. திறந்தால் மேல் மூலையில் குளவிக் கூடு, கீழே ஒரு பழைய நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை இணைக்கும் கருவி), அதிலிருந்து ஐந்து போர்ட் சின்ன சுவிட்ச், அதிலிருந்து இன்னொன்று. ஒரு கேபிளைச் சோதித்தபோது நீளம் 131 மீட்டர் காட்டியது. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அந்த முனையில் இருக்கும் ஆய்வகம் மழை வந்தால் அறுந்துபோவதற்கு நாங்கள் மழையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான். பழைய சுவிட்ச் ஒரு போர்ட்டுக்குக் கேபிள் வழியாக 15.4 வாட்தான் தரும். புதிய வைஃபை 6 கருவிகளில் பெரியவற்றுக்கு 30 வாட் வகை வேண்டும். 24 போர்ட் சுவிட்ச் வாங்கினால் 24 கருவி ஓடும் என்று கோட்டேஷன்காரர் கணக்குப் போட்டிருந்தார். அந்தச் சுவிட்சின் மொத்த அளவு 370 வாட். கருவிக்கு 25 என்றால் பதினான்குதான் தாங்கும். வாங்கி மாட்டிய பிறகு பதினைந்தாவது எரியாமல் நின்றிருக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் போகும் செம்புக் கேபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபைபர் போடச் சொன்னார்கள். இடி மழையில் எங்கள் சுவிட்சுகள் போர்ட் போர்ட்டாகக் கருகியதற்கு அந்தக் கேபிள்கள்தான் வழி.

ஆகவே பணம் மிச்சமானதா என்று கேட்டால், இல்லை. ஆக்சஸ் பாயின்ட்டில் குறைந்தது கேபிளுக்கும் ஃபைபருக்கும் சுவிட்சுக்கும் போய்விட்டது. கிட்டத்தட்ட அதே தொகைதான். ஆனால் கேபிளும் ஃபைபரும் இன்னும் பதினைந்து வருடம் சுவருக்குள் இருக்கும். ஆக்சஸ் பாயின்ட்டை ஆறேழு வருடத்தில் எப்படியும் மாற்றுவோம்.

6 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். விற்பனையாளர்கள் எல்லாரும் இந்தப் புதிய அலைவரிசையிலும் ஓடும் வைஃபை 6இ, வைஃபை 7 என்றுதான் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 2020லேயே அந்த அலைவரிசையைத் திறந்துவிட்டார்கள். இங்கே 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதிக்குத் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளையே 2025 மே மாதம்தான் வெளியிட்டது. நாங்கள் ஆர்டர் போடும்போது இறுதி விதி வரவில்லை. எங்கள் நெட்வொர்க் லாக்கை (இணைந்த கருவிகளின் பதிவு) எடுத்துப் பார்த்தால் பிள்ளைகளின் போன்களில் பெரும்பாலானவை வைஃபை 5, சிலது 2.4 மட்டும். "இப்போது வைஃபை 6 போதும். ஒவ்வொரு இடத்துக்கும் கேட் 6ஏ கேபிள் இரண்டு இழுத்து வையுங்கள், சுவிட்சில் 2.5 ஜிகாபிட் போர்ட் வாங்குங்கள், பின்னால் கருவியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். ஒரு விற்பனையாளரிடமிருந்து இந்தப் பதில் வந்திருக்காது.

லாகின் முறையையும் மாற்றச் சொன்னார்கள். நாங்கள் ஒவ்வொரு பிள்ளையின் போன் மேக் முகவரியையும் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பதிவேட்டில் எழுதி அனுமதிப்போம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன் உண்மையான முகவரியைக் காட்டுவதில்லை, நெட்வொர்க்குக்கு ஒன்றாகத் தானே ஒரு முகவரி போட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் அறை வாசலில் நிற்கும் வரிசைக்கு அதுதான் காரணம். இப்போது ரோல் நம்பரும் கடவுச்சொல்லும் வைத்து 802.1எக்ஸ் என்ற, ஆளுக்கொரு லாகின் முறைக்கு மாறிவிட்டோம். லாகினைச் சரிபார்க்கும் இதே ரேடியஸ் சர்வரை வைத்து, கல்வி நிறுவனங்களின் பொது வைஃபை வசதியான எடுரோமில் நாளை சேரலாம், இந்தியாவில் அதை எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க் அமைப்பு நடத்துகிறது. சேர்ந்தால் எங்கள் ஆசிரியர்கள் எடுரோம் உள்ள வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே லாகின் வேலை செய்யும்.

அறிக்கையைப் பற்றி ஒரு குறை. 94 பக்கம், முழுக்க வண்ண வரைபடம், எல்லாம் ஆங்கிலத் தொழில்நுட்பச் சொல். எனக்குப் புரிந்தது. தாளாளர் ஐயா மேசையில் அதை வைத்தால் அவர் என்ன செய்வார்? எதை முதலில் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் அவர்களே எழுதித் தந்திருக்கலாம். நானே உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தமிழில் எழுதினேன். பீரோ கதையைத்தான் முதல் பத்தியில் வைத்தேன். அனுமதி வந்துவிட்டது.

கேபிள் வேலை ஆகஸ்டில் தொடங்கி, ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளில் வேகமாக நடந்தது. நவம்பரில் சரிபார்ப்பு சர்வேக்கு அதே பெண் வந்தார். இது முதல் தொகையிலேயே அடக்கம். நீங்கள் ஒப்பந்தம் போடும்போது இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு அளந்து பார்க்காத டிசைனுக்கு அர்த்தமில்லை. 41 இடத்தில் அளந்தார். இரண்டு இடம் தேறவில்லை. ஒன்று, முதல் மாடிக் கடைசி அறை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று வார்டன் அம்மாவின் சமையலறை. இரண்டுக்கும் ஆளுக்கொன்று போட்டுவிட்டோம்.

317க்கும் போனோம். அந்த அறையில் ஆக்சஸ் பாயின்ட் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறது. மூன்று பீரோவும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. கட்டிலருகே மைனஸ் 61. ஆண்கள் விடுதியில் கடைசி பிளாக் மட்டும் பாக்கி, பொங்கல் விடுமுறையில் கேபிள் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.